கிராக்கோவ் ராஜவீதி: வடக்கு வாசலிலிருந்து வாவெல் குன்றுக்கும் அதற்கு அப்பாலும் நடந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

போலந்தின் கிராக்கோவ் நகருக்குப் போகிறவர்களில் பலர் நடுச் சதுக்கத்தில் நடையைத் தொடங்குகிறார்கள். விடுதி அங்கேதான் கிடைக்கிறது, கால் தானாக அங்கே போய்விடுகிறது. பிறகு கோட்டைக்கு ஒரு ஓட்டம், உப்புச் சுரங்கத்துக்கு ஒரு பேருந்து, அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரை வடக்கிலிருந்து தெற்கே நடந்து பார்க்க வேண்டும். முடிசூட வந்த மன்னர்களும், அயல்நாட்டுத் தூதர்களும், அரச குடும்பத்தின் இறுதி ஊர்வலங்களும் வடக்கு வாசல் வழியாக நுழைந்து, கடைவீதியைக் கடந்து, சதுக்கத்தைத் தாண்டி, விஸ்துலா ஆற்றங்கரைக் குன்றின் மேலிருக்கும் வாவெல் கோட்டைக்கு ஏறின. அந்தப் பாதைக்குப் போலிஷில் ‘ட்ரோகா க்ருலெவ்ஸ்கா’ என்று பெயர். நம் மொழியில் ராஜவீதி.

வீதியின் நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர்தான். நிற்காமல் நடந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நின்று பார்த்தால் ஒரு நாள் போதாது. வார்சாவைப் போல் கிராக்கோவ் இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமாகவில்லை. ஜெர்மானிய ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைமையிடமே இங்கேதான் இருந்தது. 1945 ஜனவரியில் சோவியத் செஞ்சேனை வந்தபோது ஊர் பெருமளவு அப்படியே நின்றது. அதனால் இங்கே நீங்கள் தொடும் கல் பெரும்பாலும் பழைய கல்லேதான். 1978-இல் யுனெஸ்கோ முதன்முதலாக வெளியிட்ட உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருந்தவை மொத்தம் 12 இடங்கள். அவற்றில் கிராக்கோவின் பழைய நகரம் ஒன்று.

நடையை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வடக்கு வாசலிலிருந்து குன்றின் அடிவாரம் வரை. இரண்டாம் நாள் வாவெல், அதன்பின் தெற்கே யூதர்கள் வாழ்ந்த காசிமியெஷ், ஆற்றுக்கு அக்கரையில் போரின்போது அவர்களை அடைத்துவைத்த பொத்கூஷே. இரண்டாம் நாளை விட்டுவிட்டால் மன்னர்களின் ஊரை மட்டும்தான் பார்த்திருப்பீர்கள்.

கிளம்பும் முன்

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரையும், செப்டம்பரிலும் நடக்க இதமாக இருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். தெருக்களில் கருங்கல் பாவியிருக்கிறார்கள். மெல்லிய அடியுள்ள செருப்பு போட்டால் மதியத்துக்குள் பாதம் எரியும். நாணயம் யூரோ இல்லை, ஸ்வோட்டி. அட்டை ஏறக்குறைய எங்கும் செல்லும், ஆனாலும் கழிப்பறைக்குச் சில்லறை வைத்திருப்பது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயங்களில் திருப்பலி நடப்பதால் சுற்றிப் பார்ப்பவர்களை உள்ளே விடமாட்டார்கள். திங்களன்று பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், பெரும்பாலான ஜெபக்கூடங்கள் திறக்காது. ஆக இந்த நடைக்குச் செவ்வாயும் புதனும், அல்லது புதனும் வியாழனும் பொருத்தம். வாவெல் அரண்மனை அறைகளுக்கும், போரில் யூதர்களைக் காப்பாற்றிய ஜெர்மானியத் தொழிலதிபர் ஷிண்ட்லரின் தொழிற்சாலை அருங்காட்சியகத்துக்கும் நுழைவுச்சீட்டு நேரக் கணக்கில்தான் தருகிறார்கள், சீக்கிரம் தீர்ந்தும் போகும். இந்த இரண்டுக்கு மட்டுமாவது இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள்.

முதல் நாளில் மூன்று நேரங்களை மறக்கக் கூடாது: காலை 11:00, 11:50, மதியம் 1:00. எதற்கு என்று வழியில் சொல்கிறேன். திறக்கும் நேரங்களைக் கிளம்பும் வாரத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், பருவத்துக்கு ஏற்ப மாற்றுவார்கள்.

முதல் படி: புனித ஃப்ளோரியான் தேவாலயம், காலை 9 மணி

மத்திய ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. இந்த இடம் பழைய கோட்டைச் சுவருக்கு வெளியே க்ளெபாஷ் என்ற தனி ஊராக இருந்தது. 1184-இல் புனித ஃப்ளோரியானின் திருப்பண்டங்களைக் கொண்டுவந்த வண்டி இங்கே வந்ததும் நகர மறுத்துவிட்டது, அதனால் இங்கேயே கோயில் எழுந்தது என்பது தலக்கதை. நம் ஊர்த் தலபுராணங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த மாதிரிக் கதை புதிதில்லை. 1528-இல் க்ளெபாஷ் தீப்பற்றி எரிந்தபோது தேவாலயம் மட்டும் தப்பியது; அன்றிலிருந்து தீயிலிருந்து காப்பவராக ஃப்ளோரியானைக் கும்பிடுகிறார்கள். உள்ளே கால்மணி நேரம் போதும். ஆனால் ராஜவீதி தொடங்குவது இந்தப் படிக்கட்டில்தான், தாண்டிப் போய்விடாதீர்கள்.

எதிரே மதெய்க்கோ சதுக்கம். குதிரை மேல் மன்னர் யாகியெல்லோ, கீழே செத்துக் கிடப்பவர் ஜெர்மானியத் துறவிப் போர்வீரர்களான டியூட்டானிய வீரர் படையின் தலைவர். அந்தப் படையை யாகியெல்லோ தோற்கடித்த 1410 க்ருன்வால்ட் போரின் 500-ஆம் ஆண்டுக்காக 1910-இல் எழுப்பியது. பணம் கொடுத்தவர் பியானோ கலைஞர் பதெரெவ்ஸ்கி. பின்னாளில் போலந்தின் பிரதமரானவர். 1939-இல் ஜெர்மானியர்கள் இதை உடைத்தார்கள், 1976-இல் மறுபடி நிறுவினார்கள். தோற்ற போரின் நினைவுச்சின்னத்தை ஐந்து நூற்றாண்டு கழித்து வந்து உடைத்தார்கள் என்றால், அந்தத் தோல்வி எவ்வளவு ஆழமாகக் குத்தியிருக்க வேண்டும்!

பார்பகான், ஃப்ளோரியான் வாசல்

சாலையைக் கடந்தால் வட்டமான செங்கல் கோட்டை, பார்பகான். துருக்கியர் படையெடுப்பார்கள் என்ற பயத்தில் 1498–99-இல் மன்னர் யான் ஒல்ப்ராக்ட் கட்டியது. சுவரின் தடிமன் சுமார் 3 மீட்டர். மேலே ஏழு சிறு கோபுரங்கள், சுற்றிலும் 130 அம்புத்துளைகள். அப்போது இதைச் சுற்றி அகழி இருந்தது. பின்னாலிருக்கும் ஃப்ளோரியான் வாசலோடு ஒரு மூடுபாதை இணைத்தது. எதிரி இந்த வட்டத்துக்குள் வந்துவிட்டாலும் நாற்புறமும் அம்புக்கு நடுவில் சிக்கிக்கொள்வான். உள்ளே போகச் சீட்டு வேண்டும், நேரமில்லாவிட்டால் வெளியிலிருந்து ஒரு சுற்று வந்தாலே வேலை எப்படி நடந்திருக்கும் என்று புரியும்.

இது இன்று நிற்பதற்கு ஃபெலிக்ஸ் ராத்வான்ஸ்கி என்ற பேராசிரியருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாழடைந்த கோட்டைச் சுவரை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வடக்கு மூலையையும் இடித்தால் குளிர்காற்று நேராக ஊருக்குள் புகுந்து சளியும் மூட்டுவலியும் கொண்டுவரும் என்று அவர் நகரமன்றத்தில் வாதாடியதாகச் சொல்கிறார்கள். வரலாறு, பாரம்பரியம் என்று பேசியிருந்தால் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள். மூட்டுவலி எல்லோருக்கும் புரிந்தது. இடித்த சுவரும் தூர்த்த அகழியும் இருந்த இடம்தான் இப்போது பழைய நகரைச் சுற்றி வரும் ப்ளாந்தி பூங்கா. சுமார் 4 கிலோமீட்டர் மரநிழல். கால் வலித்தால் எங்கிருந்தும் ஐந்து நிமிடத்தில் இதன் ஒரு பெஞ்சுக்கு வந்துவிடலாம்.

ஃப்ளோரியான் வாசலுக்குள் நுழையும்போது ஒரு முறை நின்று இரு பக்கமும் பாருங்கள். வெளிமுகத்தில் கழுகு, ஊரைப் பார்த்த முகத்தில் தீயணைக்கும் ஃப்ளோரியான். வாசல் வளைவுக்குள்ளேயே சிறிய பலிபீடம் ஒன்றும் உண்டு. கூட்டம் இடித்துத் தள்ளிக்கொண்டு போகும்போது அங்கே ஒரு பாட்டி நின்று சிலுவைக்குறி இட்டுக்கொண்டிருப்பார்.

இங்கிருந்து சுவரோடு ஒட்டி மேற்கே இரண்டு நிமிடம் நடந்தால் சர்தோரிஸ்கி அருங்காட்சியகம். லியோனார்டோ டா வின்சியின் ‘எர்மின் ஏந்திய பெண்’ ஓவியம் இருப்பது அங்கேதான் (எர்மின் பார்க்கக் கீரி போன்ற சிறு விலங்கு). 2016-இல் அந்தக் குடும்பத்தின் சேகரிப்பு முழுவதையும் போலந்து அரசு 100 மில்லியன் யூரோவுக்கு வாங்கியது. இப்போது நுழையாதீர்கள், 11 மணி தவறிவிடும். முதல் நாள் மாலைக்கோ, மழை பெய்யும் நாளுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் பார்க்க வேண்டியது.

ஃப்ளோரியான்ஸ்கா தெரு

கண் மட்டத்தில் பார்த்தால் கபாப் கடையும் காந்தம் விற்கும் கடையும்தான். முதல் மாடிக்கு மேலே பாருங்கள். வீட்டு எண் இல்லாத காலத்தில் அடையாளத்துக்கு வைத்த சிற்பங்கள், சின்னங்கள் சில வாசல்களில் இன்னும் இருக்கின்றன. 41-ஆம் எண் வீட்டில்தான் போலந்தின் வரலாற்று ஓவியர் யான் மதெய்க்கோ 1838-இல் பிறந்தார், 1893-இல் இறந்தார். இப்போது அது அருங்காட்சியகம். 45-இல் யாமா மிக்காலிகா காபிக்கடை, 1895 முதல் இருக்கிறது. 1905-இல் ‘பச்சை பலூன்’ என்ற நையாண்டி நாடகக் குழு இங்கே ஆரம்பித்தது. காபிக்காக இல்லை, உள்ளே இருக்கும் இருட்டான பழைய அலங்காரத்துக்காக ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

வழியில் கண்ணாடிப் பெட்டி வைத்த சிறு வண்டிகளில் முறுக்கிய வளைய ரொட்டி விற்பார்கள். அதுதான் ஒப்வஜானெக். மாவை இரண்டு மூன்று கயிறாகத் திரித்து வளையமாக்கி, முதலில் வெந்நீரில் போட்டு எடுத்து, பிறகு அடுப்பில் சுடுவார்கள். மேலே கசகசாவோ எள்ளோ உப்போ தூவியிருக்கும். 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு இதற்கு உண்டு. காலையிலேயே வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள், மதியத்துக்குள் வறண்டு இழுக்கத் தொடங்கும்.

ரினெக்: சதுக்கத்தைப் படிக்கும் முறை

தெரு முடிந்ததும் சட்டென்று வானம் திறக்கும். ரினெக் குவூவ்னி, பக்கத்துக்கு சுமார் 200 மீட்டர். ஐரோப்பாவில் இடைக்காலத்து நகரச் சதுக்கங்களில் மிகப் பெரியது. 1241-இல் மங்கோலியர்கள் ஊரை எரித்தார்கள். 1257-இல் கோமகன் போலெஸ்வாவ் மக்தபுர்க் நகரச் சட்டத்தின்படி ஊரைப் புதிதாக அளந்து, செங்கோணத் தெருக்களாக வகுத்தார். இன்றுள்ள வரைபடம் அந்த வருடத்தது.

இந்த ஒரு தகவலைக் கையில் வைத்துக்கொண்டு சதுக்கத்தின் நடுவில் நின்று சுற்றிப் பாருங்கள். கட்டம் போட்ட ஊரில் சில மட்டும் கோணலாக நிற்கும். புனித மரியாள் தேவாலயம் சதுக்கத்துக்கு நேராக இல்லாமல் சாய்த்து வைத்த மாதிரி இருக்கும். தெற்கு மூலையில் க்ரொட்ஸ்கா தெரு புனல் போல விரிந்து நுழையும். புனித அடால்பெர்ட்டின் குட்டித் தேவாலயம் எந்தக் கோட்டுக்கும் கட்டுப்படாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். இவை நிற்கும் இடங்கள் 1257-க்கு முன்பே தீர்மானமானவை. அளந்தவர்கள் இவற்றை நகர்த்த முடியாமல் விட்டுவிட்டார்கள்.

அடுத்து தரையைப் பாருங்கள். அடால்பெர்ட் தேவாலயத்தின் பழைய தளம் இன்றைய தெருவைவிட மிகவும் தாழ்வு. நூற்றாண்டுக் கணக்கில் குப்பையும் மணலும் கல்லும் சேர்ந்து சதுக்கமே உயர்ந்துவிட்டது. சதுக்கத்துக்கு அடியில் அகழ்ந்து, சுமார் 4 மீட்டர் ஆழத்தில், பழைய சந்தையின் தரையையும் வண்டித் தடங்களையும் 2010 முதல் நிலத்தடி அருங்காட்சியகமாகக் காட்டுகிறார்கள். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். திரை, புகை, ஒலி என்று கொஞ்சம் ஆடம்பரம் கூடுதல். அந்தத் தெருக் கற்களுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

11:00 – எக்காளம்

மரியாள் தேவாலயத்தின் இரண்டு கோபுரங்களும் ஒரே உயரமில்லை. உயரமானது 82 மீட்டர். அதன் ஜன்னல் ஒன்று மணிக்கு மணி திறக்கும், ஒரு எக்காளம் வெளியே நீளும். ‘ஹெய்னவ்’ என்ற சிறிய ராகம். வாசிப்பவர்கள் தீயணைப்புத் துறை ஊழியர்கள். நான்கு திசைக்கும் நான்கு முறை: வாவெலில் இருக்கும் மன்னருக்கு, நகரமன்றத்துக்கு, வடக்கு வாசலில் வரும் விருந்தினருக்கு, சிறிய சந்தை வணிகருக்கு. ஒவ்வொரு முறையும் ராகம் பாதியில் அறுந்து நிற்கும். மங்கோலியர் அம்பு காவலன் தொண்டையில் பாய்ந்ததால் அப்படி என்பார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது பரவியது 20-ஆம் நூற்றாண்டில்; இன்று நிற்கும் தேவாலயமும் 1241-க்குப் பிந்தியதே. நண்பகல் வாசிப்பை 1927 முதல் போலிஷ் வானொலி நாடெங்கும் ஒலிபரப்புகிறது. பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் நெரியும். அதே ராகத்தை 11 மணிக்கு நிம்மதியாகக் கேட்கலாம். வாசித்து முடித்ததும் கீழே இருப்பவர்களுக்கு அவர் கையசைப்பது வழக்கம், நீங்களும் அசையுங்கள்.

11:50 – பீடம் திறப்பு

சீட்டு விற்கும் இடம் தேவாலயத்தின் தெற்குப் பக்கச் சிறு சதுக்கத்தில். பெரிய முன்வாசல் பிரார்த்தனைக்கு வருகிறவர்களுக்கு, சுற்றிப் பார்ப்பவர்களுக்குப் பக்கவாசல். 11:40-க்குள் உள்ளே போய் முன்வரிசை அருகே நின்றுவிடுங்கள். ஞாயிறும் திருநாளும் தவிர்த்து 11:50-க்கு ஒரு கன்னியாஸ்திரி நீண்ட கழியால் பீடத்தின் இறக்கைகளை ஒவ்வொன்றாகத் திறப்பார்.

நியூரம்பெர்க்கிலிருந்து வந்த சிற்பி வித் ஸ்த்வோஷ் 1477 முதல் 1489 வரை செதுக்கியது. உயரம் ஏறத்தாழ 13 மீட்டர், அகலம் 11. எல்லாம் மரம், உருவங்கள் லிண்டன் மரத்தில். நடுக்காட்சியில் மரியாள் உயிர் பிரியும் நிலையில் தளர்ந்து சாய்கிறாள், சீடர்கள் சூழ்ந்து நிற்கிறார்கள். அந்த உருவங்கள் ஆளைவிடப் பெரியவை. முதலில் முகங்களைப் பார்ப்பீர்கள், பிறகு கைகளுக்கு வாருங்கள். புடைத்த நரம்பு, முதுமையில் தடித்த விரல் மூட்டு, கழுத்தின் தளர்ந்த தோல். மரியாளின் கைகள் மட்டும் மணிக்கட்டில் உயிரில்லாமல் தொங்குகின்றன. அவளுக்கு மேலே ஒரு சீடர் கோத்த விரல்களை முறுக்கிக்கொண்டு நிற்கிறார். தெருவில் பார்த்த மனிதர்களைத்தான் சிற்பி மாதிரியாக வைத்திருக்க வேண்டும்.

போரில் நாஜிகள் இதைப் பிரித்து நியூரம்பெர்க்குக்குக் கொண்டுபோனார்கள். 1946-இல் போலந்துக்குத் திரும்பி வந்தது, 1957-இல்தான் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. 2021-இல் முடிந்த பழுதுபார்ப்பில் பழைய அழுக்கும் மேல்பூச்சும் போய் நிறம் தெளிந்தது. நிமிர்ந்து கூரையையும் பாருங்கள், நீல வானத்தில் பொன் நட்சத்திரங்கள். சுவர் ஓவியம் மதெய்க்கோவின் திட்டம். உதவியவர்களில் ஒருவர் அப்போது மாணவராயிருந்த விஸ்பியான்ஸ்கி. அந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

1:00 – பல்கலைக்கழக முற்றம்

சதுக்கத்தின் மேற்குப் பக்கம் இரண்டு தெரு தள்ளி கொலேகியும் மையூஸ். 1364-இல் மாமன்னர் காசிமியெஷ் நிறுவிய பல்கலைக்கழகம் அவருக்குப் பின் நலிந்துபோனது. அரசி யாத்விகா தன் நகைகளை அதற்கு எழுதிவைத்துவிட்டு 1399-இல் இறந்தார். மறு ஆண்டே அது மறுபிறவி எடுத்தது. இந்தக் கட்டடம் அப்போது வாங்கியது. கோப்பர்நிக்கஸ் 1491 முதல் 1495 வரை இங்கே மாணவர். முற்றத்துக்கு நுழைவு இலவசம். ஒரு மணிக்குக் கடிகாரத்தின் கதவு திறந்து யாத்விகா, யாகியெல்லோ முதலியோரின் மரப்பொம்மைகள் இசையோடு ஊர்வலம் வரும். இரண்டு மூன்று நிமிடம்தான், குழந்தைகள் துள்ளுவார்கள்.

பக்கத்தில் ப்ளாந்தி ஓரத்தில் கொலேகியும் நோவும். 1939 நவம்பர் 6-ஆம் தேதி ஒரு சொற்பொழிவு என்று சொல்லிப் பேராசிரியர்களை இங்கே வரவழைத்தார்கள் ஜெர்மானிய அதிகாரிகள். வந்த 183 பேரைக் கைது செய்து, பெரும்பாலோரைச் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள்.

சாப்பாடு

சதுக்கத்து உணவகங்களில் நீங்கள் காட்சிக்குத்தான் காசு கொடுப்பீர்கள். இரண்டு தெரு தள்ளி ‘பார் ம்லெச்னி’ என்ற பலகை தேடுங்கள். பொதுவுடைமை ஆட்சிக் காலத்தில் பெருகிய மலிவுச் சாப்பாட்டுக் கடைகள் இவை. சைவர்களுக்குப் பிழைக்கும் வழி ‘பியரோகி ருஸ்கியே’, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த கொழுக்கட்டை. ஆனால் மேலே வறுத்த பன்றிக்கொழுப்புத் துண்டுகளைத் தூவித் தருவது வழக்கம். ‘பெஸ் ஸ்க்வாரெக்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காளான் சூப், பீட்ரூட் சூப் என்று நம்பி வாங்கும் முன், இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுவிட்டு மறுபடி சதுக்கத்துக்கு வந்து நடுவிலிருக்கும் சுகியென்னிட்சே துணி மண்டபத்தைக் குறுக்கே கடங்கள். 1555 தீ விபத்துக்குப் பிறகு எழுந்த மேல்விளிம்பில் வக்கிர முகங்கள் வரிசையாக இளிக்கும். கீழே விற்பதெல்லாம் நினைவுப் பொருள். அம்பர் கல் வாங்குவதானால் சான்றிதழ் தரும் கடையில் வாங்குங்கள். மண்டபத்தின் மதிப்பு மாடியில் இருக்கிறது: தேசிய அருங்காட்சியகத்தின் 19-ஆம் நூற்றாண்டு ஓவியக்கூடம். 1525-இல் ப்ரஷ்ய ஆட்சியாளர் போலந்து மன்னர் முன் மண்டியிட்ட காட்சியை மதெய்க்கோ பெரும் திரையில் வரைந்திருக்கிறார். அது நடந்தது இந்த மண்டபத்துக்கு வெளியே, இதே சதுக்கத்தில்.

க்ரொட்ஸ்காவும் கனோனிச்சாவும்

தெற்கு மூலையின் புனல் வழியாக இறங்குங்கள். முதல் சந்திப்பில் வலப்பக்கம் பிரான்சிஸ்கன் தேவாலயம். இதற்கு மதியத்துக்கு மேல் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. விஸ்பியான்ஸ்கியின் கண்ணாடி ஓவியம் மேற்குச் சுவரில், வாசலுக்கு மேலே இருக்கிறது. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், ‘ஆகுக’ என்று கை உயர்த்தும் கடவுள், நீலமும் ஊதாவும் நெருப்புமாகக் கரைந்து எழுவார். காலையில் வந்தால் இது மங்கிக் கிடக்கும். மூன்று, நான்கு மணி வெயிலில் பற்றிக்கொள்ளும். சுவர் முழுக்க அவர் வரைந்த வயல் பூக்களும் செடிகளும். கட்டணம் இல்லை. முழு ராஜவீதியிலும் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் நான் இங்கேதான் அனுப்புவேன்.

க்ரொட்ஸ்காவில் இன்னும் கீழே இரண்டு தேவாலயங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று இயேசு சபையாரின் புனித பேதுரு பவுல் ஆலயம். வாசலில் பன்னிரு சீடர்கள் தூண் மேல் நிற்பதால் எல்லோரும் அதைத்தான் படமெடுக்கிறார்கள். அடுத்திருக்கும் புனித ஆண்ட்ரூ ஆலயம் 11-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கீழ்ச்சுவரில் ஜன்னல்களுக்குப் பதில் குறுகிய பிளவுகளைப் பாருங்கள். கோயிலாகவும் கோட்டையாகவும் கட்டியிருக்கிறார்கள். 1241-இல் மக்கள் இதற்குள் ஒளிந்து தப்பினார்கள்.

எதிர்ச் சதுக்கத்தைத் தாண்டினால் கனோனிச்சா தெரு. பேராலயக் குருக்களின் வீடுகள், வளைந்த அமைதியான தெரு. பின்னாளில் போப் இரண்டாம் ஜான் பால் ஆன கரோல் வொய்த்தீவா 19, 21 எண் வீடுகளில் வசித்தார். தெரு முடியும் இடத்தில் தலைக்கு மேல் வாவெல். மாலையில் குன்றின் வெளிமுற்றம் வரை ஏறி ஆற்றைப் பார்த்துவிட்டு முதல் நாளை முடித்துக்கொள்ளுங்கள். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் நிலத்தடி அருங்காட்சியகத்தையும் ஓவியக்கூடத்தையும் விட்டுவிட்டு, மாலை 3 மணிக்குள் பேராலயத்துக்கு வந்துவிட வேண்டும்.

இரண்டாம் நாள்: வாவெல், காலை 9 மணி

ஏறும் பாதையின் செங்கல் சுவரில் பெயர்கள் பொறித்த கற்களைக் காண்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரிய ராணுவம் இதைப் படைமுகாமாக்கி வைத்திருந்தது. மீட்டுப் பழுதுபார்க்க நன்கொடை தந்தவர்களின் பெயர்கள் இவை.

அரண்மனைக்கு முன் பேராலயம். சீட்டு தனி, விற்கும் இடம் வாசலுக்கு எதிரே. 1320 முதல் போலந்து மன்னர்கள் பெரும்பாலும் முடிசூடியது இங்கே. தலைநகர் வார்சாவுக்குப் போன பிறகும் 1734 வரை முடிசூட இங்கேதான் வந்தார்கள். வாசலில் சங்கிலியில் பெரிய எலும்புகள் தொங்கும். அவை விழும் நாள் உலகம் அழியும் என்பார்கள். உள்ளே கூட்டம் ஒரே திசையில் நகரும், அதனால் மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, சிக்முந்த் மணி: 1520-இல் வார்த்தது, எடை 12 டன்னுக்கு மேல், அடிக்கப் பன்னிரண்டு பேர் வேண்டும். மரப்படிகள் குறுகியவை, உத்திரத்தில் தலை இடிக்கும். இரண்டாவது, இத்தாலியர் பெரெச்சி 1519–33-இல் கட்டிய பொற்குவிமாட சிக்முந்த் மண்டபம். மூன்றாவது, யாத்விகாவின் வெண்பளிங்குச் சமாதி. அருகே கண்ணாடிப் பெட்டியில் அவரோடு புதைத்த செங்கோலும் உருண்டையும் இருக்கின்றன. பொன்னில் அல்ல, மரத்தில் செய்து முலாம் பூசியவை. நேற்று பார்த்த பல்கலைக்கழக முற்றத்துக்குப் போன நகைகளின் மறுபாதிக் கணக்கு இது.

அரண்மனையில் பல கண்காட்சிகள், எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சீட்டு. ஒன்றுதான் என்றால் அரசவை அறைகள். 16-ஆம் நூற்றாண்டில் மன்னர் சிக்முந்த் அவுகுஸ்த் ப்ரஸல்ஸில் நெய்யச் சொன்ன திரைச்சீலைகளில் 130-க்கும் மேற்பட்டவை இன்னும் உள்ளன. 1939-இல் அவற்றை ஆற்றில் படகேற்றித் தப்பவைத்தார்கள், கனடா வரை போய்ப் போருக்குப் பல ஆண்டு கழித்து ஊர் திரும்பின. அவை தப்பிய அரண்மனையில் ஹிட்லரின் ஆளுநர் ஹான்ஸ் ஃப்ராங்க் குடியேறினான்.

தூண் வரிசை சூழ்ந்த முற்றத்தின் மூலையில் சிலர் சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்மூடி நிற்பதைப் பார்த்தால் திகைக்காதீர்கள். சிவபெருமான் ஏழு கற்களை உலகில் ஏழு இடங்களில் எறிந்தாராம், அதில் ஒன்று வாவெலுக்கு அடியில் இருக்கிறதாம். டெல்லி, மெக்கா, ஜெருசலேம், ரோம் எல்லாம் மற்ற இடங்களாம். ‘சக்ரா கல்’ என்கிறார்கள். நம் புராணம் எதிலும் நான் கேள்விப்படாத கதை. கோட்டை நிர்வாகத்துக்கும் இது பிடிக்காது. இந்தியர் என்று தெரிந்தால் உங்களிடமே விளக்கம் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

குழந்தைகள் உடன் இருந்தால் குன்றுக்கு அடியிலிருக்கும் டிராகன் குகை வழியாக இறங்குங்கள், குளிர்காலத்தில் மூடியிருக்கும். ஆற்றங்கரையில் நெருப்பு கக்கும் உலோக டிராகன் நிற்கிறது.

ஸ்காவ்கா வழியாக காசிமியெஷ்

ஆற்றோரமாகத் தெற்கே கால்மணி நேரம். ஸ்காவ்கா பாறைக் கோயிலில்தான் 1079-இல் ஆயர் ஸ்தனிஸ்வாவ் மன்னரின் கோபத்துக்குப் பலியானார். முடிசூட்டுக்கு முந்தைய நாள் மன்னர்கள் பாவப்பரிகாரமாக வாவெலிலிருந்து இங்கே வந்துபோவது மரபாயிற்று. நிலவறையில் விஸ்பியான்ஸ்கியும் கவிஞர் மிவோஷும் உறங்குகிறார்கள்.

காசிமியெஷ் 1335-இல் தனி நகரமாகத் தோன்றியது. அகலமான தீத்லா சாலை 19-ஆம் நூற்றாண்டில் தூர்க்கும் வரை விஸ்துலாவின் ஒரு கிளை. அப்போது இது ஒரு தீவு. 1495-இல் மன்னர் யான் ஒல்ப்ராக்ட் கிராக்கோவின் யூதர்களை இங்கே அனுப்பினார். தெரு என்று பெயர் கொண்ட நீள் சதுக்கமான ஷெரோகாவில் போலந்தில் எஞ்சியவற்றில் மிகப் பழைய ஜெபக்கூடம் இருக்கிறது. அதைவிட ரேமு ஜெபக்கூடத்துக்கும் அதன் பின்னாலிருக்கும் இடுகாட்டுக்கும் அதிக நேரம் கொடுங்கள். 1572-இல் இறந்த ரபி மோசே இசெர்லெஸின் கல்லறைமேல் வந்தவர்கள் வைத்த கூழாங்கற்களும் மடித்த காகிதங்களும் இருக்கும். உடைந்த கல்லறைக் கற்களைச் சேர்த்து ஒரு சுவரே கட்டியிருக்கிறார்கள். அருகில் போய்ப் பாருங்கள்: ஆசீர்வதிக்கும் இரு கைகள், நீர்க்குடம், சிங்கத்தின் பாதி முகம், அறுபட்ட எபிரேய வரி. ஆண்கள் தலையை மறைக்க வேண்டும், வாசலில் தொப்பி தருவார்கள்.

ஷெரோகாவில் பழைய யூதக் கடைப் பலகைகள் மாட்டிய உணவகங்கள் சில மேடை அலங்காரம்தான். போருக்கு முன் நகரில் 60,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தார்கள், மக்கள்தொகையில் கால் பங்கு. அந்தப் பலகைகளின் கீழ் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்கு ஒப்பவில்லை. ப்ளாட்ஸ் நோவியின் வட்டக் கட்டடத்தைச் சுற்றிச் சிறு ஜன்னல்களில் ‘சபியெகாங்கா’ விற்கிறார்கள், காளானும் சீஸும் போட்டுச் சுட்ட நீள ரொட்டி. ஒன்று இருவருக்குப் போதும்.

அக்கரை: பொத்கூஷே

பெர்னாத்தெக் நடைபாலத்தில் ஆற்றைக் கடங்கள். 1941 மார்ச்சில் யூதர்களை இந்தப் பாலமிருக்கும் திசையில்தான் மூட்டை முடிச்சோடு விரட்டினார்கள். முன்பு சுமார் 3,000 பேர் வசித்த தெருக்களில் 15,000 பேரை அடைத்து மதில் எழுப்பினார்கள்; அந்த அடைப்புப் பகுதிதான் கெட்டோ. கெட்டோ வீரர்கள் சதுக்கத்தில் பெரிய உலோக நாற்காலிகள் வெறுமையாக நிற்கும். வெளியேற்றத்தின்போது தெருவில் குவிந்து கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களின் நினைவு. சிலர் அதில் ஏறிப் படமெடுப்பார்கள், நீங்கள் வேண்டாம். சதுக்கத்தின் ஓரத்தில் ‘கழுகு மருந்தகம்’. கெட்டோவுக்குள் தங்க அனுமதி பெற்ற யூதரல்லாத மருந்தாளர் ததேவுஷ் பங்கியெவிச் இங்கே மருந்தும் செய்தியும் ஒளிவிடமும் கொடுத்தார். 1943 மார்ச் 13, 14-இல் கெட்டோவை அழித்தார்கள். சிறிய அருங்காட்சியகம், ஆனால் இழுப்பறைகளைத் திறந்து படித்துக்கொண்டே போனால் ஒரு மணி நேரம் போய்விடும். ல்வோவ்ஸ்கா தெருவில் கெட்டோ மதிலின் ஒரு துண்டு எஞ்சியிருக்கிறது. மேல்விளிம்பு கல்லறைக் கற்களின் வடிவில் வளைந்திருக்கும். கட்டியவர்கள் வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்கள் என்று இங்கே சொல்கிறார்கள்.

ரயில்பாதைக்கு அடியில் புகுந்து பத்து நிமிடம் நடந்தால் லிபோவா தெரு 4, ஓஸ்கர் ஷிண்ட்லரின் பாத்திரத் தொழிற்சாலை. உள்ளே அவரைப் பற்றி எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்; 1939–45 ஆக்கிரமிப்பில் கிராக்கோவ் எப்படி வாழ்ந்தது என்பதே விஷயம். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், முன்பதிவை மாலை 3 மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் அவசரமில்லை. திரும்ப நடக்க வேண்டாம்: கெட்டோ வீரர்கள் சதுக்கத்திலிருந்து பழைய நகருக்கு டிராம் உண்டு. சீட்டு இயந்திரத்தில் வாங்கலாம், நிமிடக் கணக்கில் செல்லும். ஏறியவுடன் பெட்டியில் செருகி முத்திரை பதியுங்கள். பதியாத சீட்டு கையிலிருந்தாலும் பரிசோதகர் அபராதம் போடுவார்.